தில்லையம்மாள் அசையாமல் உட்கார்ந்தது

காஞ்சிபுரத்தில் இன்றைக்குக் கேமரா இல்லாத ஆள் கிடையாது. கோயில் யானையின் தும்பிக்கையில் ஒரு செல்போனைக் கொடுத்துப் பாருங்கள், பாகனைத் தோளோடு அணைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் மாணிக்கவேல் ஒரு கேமரா வாங்கியது சேதியே இல்லை. ஆனால் அதைக் 'குட்டியானை' லோடு வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, "யார் வூட்டுக்குப்பா பீரோ வருது?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

பீரோவேதான். தேக்கு உடம்பு, பித்தளைத் திருகுகள், முன்னால் ஒற்றைக் கண், பின்னால் பால் நிறத்தில் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் தோல். நிறுத்துவதற்கு மூன்று கால் கட்டை ஒன்று. அதை மடக்கித் தோளில் வைத்தால் தேர் இழுக்கப் போகிறவர் போல இருக்கும். இந்தப் பெட்டியில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு படம்தான். ஆனால் ஃபிலிம் நோட்டுப் புத்தகத்துப் பக்கம் அகலம். ஆள் சரியாக உட்கார்ந்துவிட்டால் புருவத்து முடியை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

தென்னேரியில் செல்போன் கவர் விற்கும் தினகரனிடம்தான் வாங்கினார். அது தினகரனின் தாத்தா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்துச் சாமான்.

"இத்த வாங்கி இன்னா சார் பண்ணப் போறீங்க? ஷோகேஸா?" என்றான் தினகரன்.

"படம் எடுக்கப் போறேன்."

"இதுலயா? சார், பொய் சொல்லக் கூடாது. இதுக்குள்ள கடைசியா வேலை பார்த்தது எங்க வூட்டுக் கோழிதான். ரெண்டு ஈடு முட்டை வச்சுப் பொரிச்சிருக்குது."

"முட்டை பாக்கி இருந்தா நீ எடுத்துக்கோ. பொட்டிய எனக்குக் குடு."

தினகரன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் துடைத்துக் கொடுத்தான். "எங்க தாத்தா சொல்லுவாரு சார், இதுக்கு வேண்டியது வெளிச்சம்கூட இல்ல, ஆளு அசையாம உக்காரணும்னு. இந்தக் காலத்துல யாரு சார் அசையாம உக்காருவாங்க? பொணம்தான் உக்காரும்."

மாணிக்கவேலுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஏனென்றால் அவருக்கு வேண்டியதும் அதுதான். பொணம் இல்லை, எதிரே அசையாமல் உட்காரும் ஓர் ஆள்.

அவர் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அவர் நுழையாத வீடு கிடையாது. சுவர்ப்பல்லிகூட அவரைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடும். ஆனால் அத்தனை வருஷமும் அவர் பார்த்தது மீட்டரைத்தான். மீட்டர் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதி, அடுத்த வீடு. தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களா சார்?" என்றால் முகம் நினைவுக்கு வராது. 'மாடிப்படிக்குக் கீழே, தேன்கூடு கட்டின மீட்டர்' என்றுதான் வரும். அவரை நேராகப் பார்த்த ஒரே முகம் வீட்டில் இருந்தது. பெரியநாயகி. அவளும் போன தைக்கு முந்தின தையில் போய்ச் சேர்ந்தாள். மகள் அகிலா கனடாவில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். சமைப்பாள், துணி மடிப்பாள், குழந்தையைத் துரத்துவாள், நடுவில் "சாப்டியாப்பா?" என்பாள். நெட்வொர்க் மாட்டிக்கொண்டு படம் நின்றுபோனால்தான் அவள் முகத்தை அவரால் முழுசாகப் பார்க்க முடியும். கனடாவுக்கு நல்ல நெட்வொர்க் வரக் கூடாது என்று இவர் வேண்டிக்கொள்ளாத சாமி கிடையாது.

பெட்டியை ஒழுங்குபடுத்துவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று. குளியலறையை இருட்டாக்கி, டார்ச்சைத் துருத்திக்குள் விட்டுப் பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. வானத்தில் இருக்கும் நட்சத்திரம் எல்லாம் இதில் பாதிதான். பஞ்சர் கடையில் சொல்யூஷனும் பழைய டியூபும் வாங்கி ஓட்டை ஓட்டையாக ஒட்டினார். வெளிநாட்டு ஃபிலிம் விலையைக் கேட்டபோது சற்று உட்கார வேண்டியிருந்தது. பிறகு யாரோ சொல்லி எக்ஸ்ரே ஃபிலிமைப் பிடித்தார். அகலம் கச்சிதம், சிவப்பு விளக்கில் கையாளலாம். மருந்து சாமான் கடைக்காரர், "யாருக்கு சார் எலும்பு முறிஞ்சுது?" என்று பதறினார். "இனிமேதான்" என்றார் மாணிக்கவேல். சாமி அலமாரியில் எரிந்த சிவப்பு பல்பைக் கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோனார். முருகர் ஆட்சேபிக்கவில்லை.

முதன்முதலில் பெட்டியைக் கூடத்தில் நிறுத்தி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார். நாற்காலி தலைகீழாகத் தெரிந்தது. இந்த வகைப் பெட்டியில் எல்லாமே தலைகீழ்தான். கூரையிலிருந்து தொங்கும் காலி நாற்காலி. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குள் தன் மூச்சு மட்டும் கேட்டது. அந்த நாற்காலியில் ஒரு முகம் வேண்டும், ஒரே ஒரு முகம், அது தன்னைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

முகம் கிடைப்பது அவ்வளவு லேசா? கோயில் வாசலில் கட்டையை ஊன்றினார். காவலர் விசிலை ஊதிய ஊதலில் கோபுரத்துப் புறாக்கள் ஓரிக்கைக்கே போய்விட்டன. "ஸ்டாண்டு வைக்கக் கூடாதுபா, எடு எடு!" பட்டுக்கடைத் தெருவுக்குப் போனார். கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வந்த குடும்பங்கள் மொய்த்துக்கொண்டன. ஆனால் எல்லாரும் பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். துணியைத் தலையில் போட்டுக்கொண்டு செல்ஃபி, பித்தளையைத் தடவிக்கொண்டு செல்ஃபி. "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க, நீங்க ஃபிரேம்ல வர்றீங்க" என்றது ஒரு பெண். தள்ளிக்கொண்டார். பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார ஒருத்தருக்கும் நேரம் இல்லை. "எவ்ளோ நேரம் ஆகும் அங்கிள்?" "வெளிச்சத்தைப் பார்த்து, ஃபோகஸ் பண்ணி, கொஞ்ச நேரம்மா." "ஐயோ, சாப்பிடப் போகணும்!"

சரி, பெரிய தெரு வேண்டாம், நெசவாளர் தெருவுக்குப் போவோம், அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள் என்று பெட்டியை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையம் பக்கம் புறப்பட்டார். அங்கேதான் கதை கெட்டது.

கைத்தறி வைத்திருக்கும் வீட்டுக்கு அரசாங்கம் கொஞ்சம் மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. தறி ஓட வேண்டும், அதுதான் சட்டம். அவர் ஓய்வு பெற்ற சேதி எட்டாத அந்தத் தெருவுக்குள் பழைய ரீடிங் சார் வருகிறார். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. வாசலுக்கு வாசல் நிற்கிறார், பெட்டியை வீட்டைப் பார்த்துத் திருப்புகிறார், கறுப்புத் துணிக்குள் தலையை விடுகிறார். தெரு என்ன நினைக்கும்?

"புது மிஷின்டா! சொவுத்துக்குள்ள கரண்டு எங்க போவுதுன்னு காட்டுமாம்!"

தெருமுனை கோதண்டபாணி டீக்கடையில் கிளம்பிய இந்தச் சேதி, மாணிக்கவேல் நாலு வீடு தாண்டுவதற்குள் தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து திரும்பியும் வந்துவிட்டது. கூடவே ஒரு சத்தம் எழுந்தது. டக்கு, டக்கு, டக்கு. தறி. எல்லா வீட்டிலும் தறி. நன்றாக ஓடுகிற வீட்டில் ஓட்டம் இரட்டிப்பாயிற்று. பரணில் கழற்றிப் போட்ட வீட்டில்கூட யாரோ உலக்கையால் தரையை இடித்தார்கள். அந்த ஒரு மத்தியானம் அந்தத் தெருவில் எழுந்த சத்தத்துக்குப் புடவை நெய்திருந்தால் பூமிக்கே முந்தானை போட்டிருக்கலாம். மாணிக்கவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'நல்ல ஊக்கமாகத்தான் இருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டார். கதவைத் தட்டினால் மட்டும் யாரும் திறக்கவில்லை.

திறந்தது ஒரே ஒரு கதவு. தில்லையம்மாள். 'மீட்டருக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த வீடு' என்று அவருக்கு உடனே நினைவு வந்தது.

"வாங்க சார், வாங்க. தறி ஓடிக்கினேதான் இருக்குது. நல்லா பாத்துக்குங்க, போட்டோகூட எடுத்துக்குங்க."

போட்டோ எடுத்துக்குங்க! மாணிக்கவேலுக்குக் காதில் நாதஸ்வரம் கேட்டது. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கூடத்தில் தறி இருந்தது. அதில் பாவு இல்லை. நீளவாக்கில் ஓட வேண்டிய பட்டு நூல் ஒன்றுகூட இல்லாத வெறும் மரச்சட்டம். பின்னால் உளுந்து மூட்டை. பக்கத்தில் உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்றின் மேல் ஒரு சேலை போர்த்தியிருந்தது. அது கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க இட்லி மாவு அரைத்து விற்பவள் தில்லையம்மாள். அவசரத்தில் கிரைண்டரை மூடியவள் நிறுத்த மறந்துவிட்டாள்.

"அது இன்னாம்மா சத்தம்?" என்றார் மாணிக்கவேல், ஒன்றும் தெரியாமல்.

"அதுவா சார்... எங்க வூட்டுக்காரரு. தூங்கிக்கினு இருக்காரு."

அவள் புருஷன் செத்த பிறகு மீட்டரை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்ததே மாணிக்கவேல்தான். அவருக்கு இப்போது எல்லாம் ஒரே அடியில் விளங்கியது. தெருவின் தறிச் சத்தம், மூடிய கதவுகள், இந்த வரவேற்பு, எல்லாம் ஆய்வுக்கு வந்த ஆபீசருக்கு. சொல்லிவிட்டு வெளியே போவதுதான் முறை. வாயைத் திறந்தார்.

"அப்ப எழுப்ப வேணாம்" என்றார்.

தில்லையம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய்க் காபி கொண்டுவந்தாள். நுரை தும்பைப்பூ மாதிரி நின்றது. முறுக்கு வைத்தாள். "உக்காருங்க சார். வெயில்ல வந்தீங்க. உங்க வூட்டம்மா போயிட்டாங்களாமே, கேள்விப்பட்டேன். யாரு சார் சமைக்கறது?" என்றாள். அவரிடம் யாரும் இதைக் கேட்டு எத்தனை காலமோ. "நானேதான்மா" என்றார். காபியை ஒரு மிடறு குடித்தார்.

பிறகு அவள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தாள். இவர் பெட்டியை நிறுத்தினார், துணிக்குள் போனார். தேய்த்த கண்ணாடியில் தில்லையம்மாள் தலைகீழாக வந்தாள். மூக்குத்தி, நெற்றி வியர்வை, முழங்கையில் காய்ந்த மாவு. திருகைத் திருகித் திருகி முகத்தைக் கூராக்கினார். கூரானதற்குப் பிறகும் திருகிக்கொண்டிருந்தார். துணிக்குள் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாததால் அவளுக்கும் பேச்சு தாராளமாக வந்தது.

"மவன் ஓரகடத்துல கம்பெனி வேலை சார். கம்பெனி பஸ் வந்து இட்டுக்கினு போவுது. வந்தா தூங்குவான், எழுந்தா போவான். யாரு இருக்கா பேச? தறிகூடத்தான் பேசறது. பொளுதுக்கும் நெய்யறேன் சார், எழுதிக்குங்க."

குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எடுத்து இடமிருந்து வலமாக எறிந்தாள். தாங்குவதற்கு நூல் இல்லாததால் அது தொபுக்கென்று விழுந்தது. கொஞ்சமும் அசரவில்லை. குனிந்து எடுத்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி வலக்கையில் பிடித்துக்கொண்டு, கட்டையை ஓங்கி அடித்தாள். மறுபடி எறிந்தாள்.

"அசையாதம்மா" என்றார் துணிக்குள்ளிருந்து. "அசைஞ்சா மூஞ்சி கலைஞ்சிடும்."

"அசையலன்னா தறி ஓடலன்னு எழுதிக்குவீங்க!"

"எழுத மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் சார். அப்புறம் ஆபீஸ்ல போட்டோவைப் போட்டு, பாரு சும்மா குந்திக்கினு இருக்காங்கறதுக்கா? நான் நெய்வேன்."

நெய்தாள். காற்றை நெய்தாள். மாணிக்கவேல் லென்சை மூடியால் மூடி, ஃபிலிம் தகட்டைச் செருகி, மறைப்பை உருவி, மூடியைத் திறந்து வாய்க்குள் எண்ணினார். கூடத்து வெளிச்சத்தில் நிதானமாக எண்ண வேண்டியிருந்தது. அதற்குள் தில்லையம்மாள் பாதிப் புடவை முடித்துவிட்டாள். இது தேறாது என்று அவருக்குத் தெரியும். கழுவினால் புகைதான் வரும். அந்தத் தகட்டில் மறுபக்கம் இன்னொரு ஃபிலிம் இருந்தது. அவ்வளவுதான் கொண்டுவந்தது. தகட்டைத் திருப்பிச் செருகினார். மறைப்பை உருவினார். மூடியில் கையை வைத்தார்.

கையை எடுக்கவில்லை.

அவருக்கு முன்னால் இரண்டு வழி. உண்மையைச் சொன்னால் இவள் கை நிற்கும்; அடுத்த நொடி இவரும் வாசலில் நிற்பார். சொல்லாவிட்டால் இந்தக் காபியும் 'யாரு சார் சமைக்கறது'வும் இருக்கும். நாளைக்கும் 'ஆய்வு' என்று வரலாம், நாளன்றைக்கும் வரலாம், பயத்தில் தினமும் நுரை தும்பைப்பூவாக நிற்கும். ஆனால் அந்த முகம் என்றைக்கும் நிற்காது. ஆபீசரைப் பார்த்துச் சிரிக்கிற முகம் அது. மாணிக்கவேலைப் பார்க்கிற முகம் இல்லை.

"தில்லையம்மா" என்றார். "நான் ரிட்டையர் ஆயிட்டேன்."

நாடா நின்றது. "இன்னா சார்?"

"இப்ப நான் ஆபீஸ் ஆளு இல்ல. அங்க போனா வெளியிலதான் நிக்க வைப்பாங்க. இது மிஷினும் இல்ல. வெறும் போட்டோ பொட்டி. பழசு."

"அப்ப எதுக்குய்யா வந்தே?"

"சும்மாதான்மா. யாராச்சும் எதிர்ல உக்காந்தா எடுக்கலாம்னு."

கோபம் வந்தால் நிறையப் பேர் குதிப்பார்கள். தில்லையம்மாள் கல்லாகிவிடும் ரகம். கை நாடாவோடு அந்தரத்தில் நின்றது. கண் நேராக வந்து அவர் மேல் ஊன்றியது. இமைகூட ஆடவில்லை. பூமி சுற்றுவதை நிறுத்தியிருக்கும், கவனித்தவர்கள் சொல்லலாம். மாணிக்கவேல் மூடியைத் திறந்தார். பெட்டிக்குப் பக்கத்தில், மறைந்துகொள்ளத் துணி இல்லாமல், அந்தப் பார்வையின் எதிரே நின்று எண்ணத் தொடங்கினார். பாதியில் எண் மறந்துபோயிற்று. போதும் என்று தோன்றியபோது மூடினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"வெளிய போ" என்றாள்.

இந்தப் பெட்டியின் சங்கடம் அப்போதுதான் தெரிந்தது. செல்போன் என்றால் பையில் போட்டுக்கொண்டு ஓடலாம். இதில் துருத்தியை மடிக்க வேண்டும், லென்சைக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு காலாகத் திருகி இறக்க வேண்டும். ஒரு சுபமுகூர்த்தமே முடிந்துவிடும். அதுவரைக்கும் தில்லையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நடுவில் இரண்டே இரண்டு வேலை செய்தாள். பாதி குடித்திருந்த காபியை எடுத்துப் போய் முற்றத்தில் ஊற்றினாள். கிரைண்டர் மேலிருந்த சேலையை உருவி வீசிவிட்டு சுவிட்சை அணைத்தாள். வீடு நிசப்தமாயிற்று.

"தெருவையே பயமுறுத்தி, பொம்பள எதிர்ல குந்தி என் பொய்யெல்லாம் கேட்டுக்கினு இருந்தியே, வெக்கமா இல்ல? வூட்டுக்காரரு தூங்கறாருன்னு சொல்றேன், எழுப்ப வேணாம்ங்கறே!"

"தப்புதாம்மா."

"அந்தப் படத்த ஒரு ஆளுக்குக் காட்டினேன்னு தெரிஞ்சுது... உளுந்து மூட்டை, கிரைண்டரு, காலித் தறி, எல்லாம் அதுல இருக்குது. என் பொழப்பு அதுல இருக்குது. எவனுக்கும் காட்டக் கூடாது."

"காட்ட மாட்டேன்."

கதவு சாத்தப்பட்டது. தெருவில் தறிச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் போக, ஒவ்வொரு வீடாக நின்றது.

அன்று சாயங்காலமே கழுவினார். முதல் ஃபிலிம் நினைத்தபடி புகை. இரண்டாவதைக் காகிதத்தோடு ஒட்டி வைத்து அச்செடுத்தார். சிவப்பு வெளிச்சத்தில் மருந்துத் தட்டுக்குள் காகிதம் மெல்லக் கறுத்தது. முதலில் தறிச்சட்டம். பிறகு அந்தரத்தில் கை. பிறகு இரண்டு கண்கள்.

மாணிக்கவேல் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்படி ஒரு படம் காஞ்சிபுரத்தில் பல்லவர் காலத்திலிருந்து விழுந்ததில்லை. உளுந்து மூட்டையின் சாக்கு இழையை எண்ணலாம். முழங்கையில் காய்ந்த மாவு, மூக்குத்தியில் ஜன்னல். பக்கத்தில் சேலை போர்த்திய உருவம் மட்டும் அதிர்வில் லேசாகக் கலைந்து, யாரோ உட்கார்ந்து மூச்சு விடுவது போல இருந்தது. நடுவில் தில்லையம்மாள், மயிரிழை அசையாமல், நேராக. ஆபீசரை அல்ல. அவரை.

மறுநாள் டீக்கடையில் கூட்டம் அவருக்காகவே காத்திருந்தது. பெட்டிக்குள் கோழி முட்டை வைத்த கதை உட்பட எல்லாச் சேதியும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பயந்தவர்கள் எல்லாம் இப்போது சிரிப்பதற்கு வந்திருந்தார்கள்.

"இன்னா ஈபி சார், எங்க தறியெல்லாம் ஓட வச்சீங்களே, ஒரு படமாவது விழுந்துதா?" என்றார் கோதண்டபாணி.

மாணிக்கவேல் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? ஓரிக்கைப் பாலாற்றில் ஒரு கெண்டையைப் பார்த்துவிட்டு வந்தால் திமிங்கிலம் என்று சொல்கிறவர். வாழ்நாளில் முதல்முறையாக, அளந்துவிடத் தேவையே இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே கடை வாயைப் பிளக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டீயை ஊதினார்.

"ஒண்ணும் விழலப்பா" என்றார். "அசைஞ்சிட்டாங்க."

கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. "கோழியே வச்சிருந்திருக்கலாம் சார், முட்டையாவது கெடச்சிருக்கும்!" அவரும் கூடச் சிரித்தார். டீயைக் குடித்து முடித்து, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. கிளம்பினார்.

வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டார். படம் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கியது, நன்றாகக் காய்ந்திருந்தது. சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு அதற்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"சொல்லல" என்றார் அதனிடம். "கேட்டாங்க. சொல்லல."

தில்லையம்மாளுக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.